முப்பத்தொன்பது டிகிரிக்காரர்

கோடை வந்துவிட்டால் அந்த நகரத்துக்கு எங்கிருந்தோ ஒரு குஷி வந்து தொற்றிக்கொள்ளும். நகரத்துக்கு என்றால் நகராட்சிக்கு. பஸ் நிறுத்தம் தவறாமல் நீலக் கடலும் வெள்ளைத் தொப்பியுமாகச் சுவரொட்டிகள் முளைக்கும். 'கோடையைக் கடலோடு கொண்டாடுங்கள்' என்று கீழே கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்பி வெளியூர் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக ரயிலேறி வருவார்கள். மணலில் கால் வைப்பார்கள். உள்ளங்கால் வெந்து, கழற்றிப் போட்ட செருப்பைத் தேடி ஓடுவார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று சிரித்தபடி நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அவர்கள் கடலுக்கே போவதில்லை.

நம்மவருக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் தினமும் கடலுக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் அவருடைய ஆபீஸ் அங்கேதான் இருந்தது. வெளியூர்க்காரர்களுக்குத் தகவல் சொல்லும் கடற்கரை விசாரணை அறையில் குமாஸ்தா. மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் கழிப்பறைச் சுவர். அறையில் ஏ.சி. உண்டு. ஆனால் அது டிக்கெட் அச்சடிக்கும் இயந்திரத்துக்காக வாங்கியது. இயந்திரத்துக்குச் சூடு ஆகாது என்று அதன் முதுகில் படுகிற மாதிரி திருப்பி மாட்டியிருந்தார்கள். குமாஸ்தாவுக்குச் சூடு ஆகுமா ஆகாதா என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

வீடு கடலிலிருந்து நாலாவது தெரு. கடல் காற்று வீசும் தூரம்தான், ஆனால் முன்னால் ஐந்து ஹோட்டல்கள் வரிசையாக எழும்பி அந்தக் காற்றை அறைவாரியாகப் பிரித்து வாடகைக்கு விட்டுவிட்டன. நாலாவது தெருவுக்கு வந்து சேர்ந்தது ஹோட்டல் ஏ.சி.க்கள் துப்பிய வெக்கை மட்டும்தான். தகரக் கூரைக்குக் கீழே மனுஷரும் மனைவியும் ஆளுக்கொரு விசிறியோடு உட்கார்ந்து கோடையைக் கொண்டாடினார்கள்.

அவருக்கு இருந்த வேலைகளிலேயே முக்கியமானது பலகை. விசாரணை அறைக்கு வெளியே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, 'இன்றைய வெப்பம்' என்று ஒரு பெரிய பலகை நின்றது. அதில் இரண்டு கொக்கிகள். இடது கொக்கியில் ஒரு தகடு, வலது கொக்கியில் ஒரு தகடு. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவர் மணலில் நூறு அடி நடந்து, அங்கே காலூன்றி நின்ற வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்து தகடுகளை மாட்ட வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். விஷயம் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு நல்ல மனுஷன் நகராட்சியில் ஒரு விதி கொண்டுவந்திருந்தான். பலகை நாற்பது காட்டினால், வெயிலில் வேலை செய்கிறவர்கள் ஒரு மணியோடு வேலையை நிறுத்திவிடலாம், சம்பளம் பிடிக்கக் கூடாது. விதி வந்த முதல் கோடையிலேயே சூப்பிரண்டெண்ட் இவரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் இருந்தது தலைமை அலுவலகத்தில், மூன்றாம் மாடியில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.

"இங்க பாருங்க, பொய் எழுதுங்கன்னு நான் சொல்லுவேனா? நாப்பதுன்னு பாத்தா வெளியூர்க்காரங்க பயந்துடுவாங்க. ஜனங்களைப் பயமுறுத்தறது நம்ம வேலையா?"

"இல்லீங்க சார்."

"முப்பத்தொன்பதுன்னா எப்படி இருக்கு? கேக்கவே குளுகுளுன்னு இருக்குல்ல."

அன்றிலிருந்து அந்த நகரத்தில் வெயில் முப்பத்தொன்பதைத் தாண்டவில்லை. ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், நம்மவர் நேர்மையானவர். ஒருநாள்கூடப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் எழுதியதில்லை. நாற்பத்தொன்று என்று கண்ணால் பார்ப்பார், கதவைச் சாத்துவார், வந்து முப்பத்தொன்பது மாட்டுவார். நாற்பத்துமூன்று என்று பார்ப்பார், முப்பத்தொன்பது மாட்டுவார். இடது கொக்கிக்கென்று கொடுத்த நாலு எண் தகடு, சுற்றி வந்த காகிதம்கூடப் பிரிக்கப்படாமல் மேஜை இழுப்பறையில் தூங்கியது. கடற்கரை உயிர்காப்பாளன் தன் மர ஏணி மேலிருந்து தினமும் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"என்ன முப்பத்தொன்பதண்ணே, இன்னிக்கு எவ்வளவுண்ணே?"

பெயரே அப்படி ஆகிவிட்டது. அவரும் கண்டுகொள்வதில்லை.

கண்டுகொள்ள வேண்டிய ஆள் வேறொருத்தி இருந்தாள். அவர் மனைவி அதே கடற்கரையில், அதே நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. கோடையைக் கொண்டாட வந்தவர்கள் விட்டுப்போன ஐஸ்கிரீம் குச்சியும் கோப்பையும் உறிஞ்சுகுழாயும் அவள் கூடைக்கு. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை, புருஷன் மாட்டி வைத்த முப்பத்தொன்பதுக்குக் கீழேயேதான் அவள் குனிந்து நிமிர்ந்தாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து கடலில் ஒருநாளாவது இறங்கிக் குளிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேலை நேரத்தில் இறங்க விடமாட்டார்கள், வேலை முடிந்தால் சமையல் காத்திருக்கும்.

"ஏங்க, ஒரே ஒரு நாளு நாப்பதுன்னு மாட்டினா உங்க கை வெந்தா போயிடும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ரெண்டு வருஷத்துல ரிடையர் ஆகப் போறேன். இப்பப் போய் அந்த ஆளோட மல்லுக்கு நிக்கச் சொல்றியா?"

"மல்லுக்கு ஏன் நிக்கணும்? இருக்கறதைத்தானே எழுதச் சொல்றேன்."

"நீ வேணா மத்தியானம் ஒரு மணி நேரம் நிழல்ல உக்காந்துக்கோ. சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்றேன்."

கடற்கரையில் நிழல் தரும் ஒரே பொருள் அந்தப் பலகைதான் என்பதை அவள் சுட்டிக்காட்டவில்லை. பாத்திரம் தேய்க்கப் போனாள். சூப்பர்வைசரிடம் அவரும் சொல்லவில்லை.

அந்த வருஷக் கோடையின் நடுவில் ஒருநாள் பெட்டிக்குள் நாற்பத்துநாலு இருந்தது. நம்மவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, முந்தின நாள் மாட்டிய முப்பத்தொன்பதை ஒருதரம் நேராக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வீடு திரும்பியபோது விளக்குப் போடவில்லை. மனைவி தரையில் உட்கார்ந்து வெறுங்கையால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு வீட்டுக்குள்ள இவ்வளவு மணலைக் கொட்டினது?"

தரையில் ஒரு பொட்டு மணல் இல்லை. கையைத் தொட்டுப் பார்த்தார். வியர்வையே இல்லாமல், காய்ந்து, சட்டியைத் தொட்ட மாதிரி சுட்டது. அலமாரியைக் குடைந்து காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து அவள் அக்குளில் வைத்தார். அது பீப் என்றதும் எடுத்து நன்றாகப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"வீட்டுக்காரிக்குக் காய்ச்சல்மா. உடம்பு கொதிக்குது."

"டிகிரி பாத்தீங்களா? எவ்வளவு?"

"முப்பத்தொன்பது."

"முப்பத்தொன்பதுதானே, பயப்படாதீங்க. மாத்திரை குடுத்து ஈரத்துணி போடுங்க. நிறைய தண்ணி குடிக்கட்டும். காலைல குறையலைன்னா கூட்டிட்டு வாங்க. நாப்பதைத் தாண்டினா மட்டும் உடனே வந்துடணும்."

அப்பாடா என்று போனை வைத்தார். துண்டை நனைக்கக் குழாயடிக்குப் போனவர், அங்கே எரிந்த விளக்கில் கையிலிருந்த கருவியை மறுபடி பார்த்தார். நாற்பத்தொன்று. புதிதாக ஏறவில்லை, முதலில் பார்த்தபோதும் அதே நாற்பத்தொன்றுதான் இருந்தது. கண் நாற்பத்தொன்றைப் பார்த்தது, வாய் முப்பத்தொன்பது என்று சொன்னது. பதினோரு வருஷப் பழக்கம், பெண்டாட்டிக்கென்று தனியாக விலகி நடக்குமா என்ன? அந்த மனுஷர் தன் வாழ்நாளில் தன்னையே வெறுத்தது அந்தக் குழாயடியில்தான்.

மறுபடி போன் போட்டார்.

"நாப்பத்தொண்ணும்மா. என்னென்னவோ பேசறா. நாப்பத்தொண்ணு."

"இப்பத்தானே முப்பத்தொன்பதுன்னீங்க?"

"அது நான் எழுதறது. இருக்கறது நாப்பத்தொண்ணு."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நல்லவேளை, கேள்வி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "தலையோட தண்ணிய ஊத்திக்கிட்டே உடனே கொண்டு வாங்க" என்றாள். மனைவியின் தம்பி டாக்சி ஓட்டுகிறவன். பக்கத்துத் தெருவிலிருந்து பறந்து வந்தான். வழியெல்லாம் பின்சீட்டில் அவர் பாட்டில் பாட்டிலாக ஊற்றிக்கொண்டே வந்தார்.

"அக்கா வெயில்ல சாகறதுக்கா அந்தப் பலகையை அங்க வச்சிருக்கீங்க, மாமா?" என்றான் மச்சினன், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர் இன்னொரு பாட்டிலைத் திறந்தார்.

இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள்தான் அவள் இவரை இவர் என்று அடையாளம் கண்டுகொண்டாள். வார்டில் ஏ.சி. இருந்தது, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது. முப்பது வருஷம் அந்த நகரத்தில் குடியிருந்து, கடல் தெரியும் குளிர் அறையில் அவர்கள் தங்கிய முதல் கோடை அதுதான்.

நாலாம் நாள் வேலைக்குப் போனார். பலகையில் முப்பத்தொன்பது தொங்கியது. அவர் இல்லாத மூன்று நாளும் அது தன் கடமையைத் தானே பார்த்துக்கொண்டது. பன்னிரண்டரைக்குப் பெட்டியைத் திறந்தார். நாற்பத்துமூன்று. மேஜை இழுப்பறையிலிருந்து நாலு எண் தகட்டை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தார். இடது கொக்கியிலிருந்த மூன்று எண் தகடு உப்புக் காற்றில் துருவேறி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஒரு கல்லை எடுத்து நாலு போடு போட்டார். தகடு தெறித்து மணலில் விழுந்தது. அந்த இடத்தில் நாலை மாட்டினார், பிறகு வலது கொக்கியில் ஒன்பதைக் கழற்றி மூன்றை மாட்டினார்.

உயிர்காப்பாளன் ஏணியிலிருந்து இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தான். இந்தமுறை எவ்வளவு என்று கேட்கவில்லை. ஒரு மணிக்குத் துப்புரவுக்காரர்கள் கூடைகளை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். ஒன்று பத்துக்கு மூன்றாம் மாடியிலிருந்து போன் வந்தது.

"என்னய்யா மாட்டி வச்சிருக்கே? உடனே எடு."

"நீங்க வந்து பெட்டியைப் பாருங்க சார். குறைவா இருந்தா எடுத்துடறேன்."

சூப்பிரண்டெண்ட் வந்தார், காரில். பளபளப்பான ஷூவோடு மணலில் இறங்கி, பெட்டியை நோக்கி நாற்பது அடி நடந்தார். அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அங்கேயே நின்று நெற்றியைத் துடைத்தார், பெட்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். கார் பக்கத்தில் இருந்ததால் அதற்கே திரும்பிவிட்டார்.

அடுத்த வாரம் நம்மவரை மாற்றிவிட்டார்கள், தலைமை அலுவலகத்தின் நிலவறைக்கு, பழைய கோப்புகளோடு இருக்க. தண்டனையாம். அந்தக் கட்டடத்திலேயே குளிர்ச்சியான இடம் அது என்பது தண்டித்தவர்களுக்குத் தெரியாது. பலகையிலிருந்து கொக்கிகளைப் பிடுங்கிவிட்டு, எந்த எண்ணும் இல்லாமல் நிரந்தரமாக எழுதிவிட்டார்கள்: 'இன்று கடற்கரை இனிமையாக இருக்கிறது.' எண் இல்லாத பலகை நாற்பது காட்டுவதெப்படி? விதியும் சாகவில்லை, செலவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் ஒரு மணிக்குக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் கடலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தாள். பார்த்த மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் கரையிலிருந்து கத்தினான்.

"வேலை நேரத்துல என்ன இது?"

"கடற்கரை இனிமையா இருக்குன்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க? அனுபவிக்கிறோம்."

அவன் பலகையைத் திரும்பிப் பார்த்தான். மறுத்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மறுநாளும் உட்கார்ந்தார்கள். யாரோ வெளியூர்க்காரர் அதைப் படம் எடுத்திருக்க வேண்டும். அடுத்த வருஷச் சுவரொட்டியில், 'கோடையைக் கடலோடு கொண்டாடுங்கள்' என்பதற்கு மேலே, துப்புரவுக்காரிகள் ஏழு பேர் தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள்.

அவர் இப்போது சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தக் கருவியைத்தான் தேடுகிறார். காய்ச்சல் இல்லை என்று அவள் எத்தனை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அக்குளில் வைத்து, பீப் என்றதும் எடுத்து, விளக்கடிக்குப் போய் ஒருமுறை பார்க்கிறார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை பார்க்கிறார்.

"எவ்வளவு?" என்கிறாள் அவள்.

"முப்பத்தாறு புள்ளி எட்டு."

"நெஜமாவா?"

அவர் கருவியை அவள் கையில் கொடுக்கிறார். அவளும் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறாள்.