நெடுங்கோட்டில் விட்ட தசமம்

2024 மார்ச் 24, ஞாயிறு, ரமழான் நோன்பு மாதம், அதிகாலை 4.54. கல்முனையில் மழை, மின்சாரம் இல்லாததால் பள்ளிவாசல் பாங்கு கேட்கவில்லை. மடிக்கணினியில் நான் எழுதிய தொழுகை நேர நிரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“இஞ்சாருங்க, தண்ணி குடிக்க நேரமிருக்கா?” என்றாள் மனைவி.

“ஓம், இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு.”

“உங்கட பொட்டி பாங்கு சொல்ற மோதினார்ர வேலையப் பறிச்சிரும் போல,” என்று சிரித்துக்கொண்டே குடித்தாள்.

பகலில்தான் பிழையைக் கண்டேன். நேரம் கணிக்கும் சீ மொழி நூலகத்தைப் பைத்தனிலிருந்து அழைக்க, கட்டளை வரியில் இணைப்பை உருவாக்கியபோது ஊரின் நெடுங்கோட்டை முழு எண் என்று அறிவித்திருந்தேன். 81.83 என்பது 81 ஆகி, நோன்பு தொடங்கும் சுபஹ் நேரத்தை மூன்று நிமிடம் பிந்திக் காட்டியது. அவள் குடித்தது நேரம் கடந்த பிறகு. அந்த நோன்பு செல்லாது; இன்னொரு நாளில் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

“பெருநாளைக்குப் பொறகு புடிச்சாச் சரி,” என்றாள்.

பெருநாள் கழிந்து பதினேழாம் நாள் மௌத்தானாள். நிரலில் ஒரு சொல்லை மாற்றியதும் நேரம் சரியாகிவிட்டது. அவள் இறக்குமுன் பிடிக்காமல் போன அந்த ஒரு நோன்புக்குப் பகரமாக ஓர் ஏழைக்கு அரிசி வாங்கிக் கொடுத்தேன். நூற்றைம்பது ரூபா.