தலையாட்டிய கரடி

ரொறன்ரோப் பக்கம் மில்லிக்கனில் ஒரு கடைத் திறப்பு. வாசலில் கரடி வேடம் போட்ட ஒருவர் வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். மகள் அதனிடம் ஓடப் பார்த்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

நான் சின்னப்பிள்ளையாய் இருந்த தொண்ணூறுகளில், அமெரிக்க லீக்கின் கீழ்ப்பிரிவில் ஆடிய ஒரு ரொறன்ரோ உதைபந்தாட்டக் கழகம் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தாருக்கு இலவச ரிக்கெற் கொடுத்தது. வெறும் இருக்கைகளை நிரப்பத்தான் என்றா அம்மா.

"சும்மா ஏன் தாறாங்கள்?" என்று கேட்டபடியே அப்பாவும் ஆட்டம் பார்க்க வந்தார்.

வெட்டிய புல்லும் பொரித்த வெங்காயமும் மணந்த மைதான வாசலில் கழகத்தின் கரடி நின்றது. முகம் தெரியாத அந்தப் பெரிய தலை, வரிசையில் வந்த ஒவ்வொருவரையும் பார்த்து ஆடியது. அப்பா அப்படியே நின்றுவிட்டார். ஊரில் சண்டைக் காலத்தில் ஆமி எல்லாரையும் மைதானத்தில் கூட்டி, சாக்கால் முகம் மூடிய ஒருவனின் முன்னால் நடக்கவிடும். அவன் தலையாட்டினால் பிடித்துப் போவார்கள். சித்தப்பா அப்படிப் போனவர்தான், வரவேயில்லை.

"உந்தத் தலையைக் கழட்டச் சொல்லு," என்றார் என்னிடம்.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். தலையைக் கழற்றி, வியர்த்துச் சிவந்த ஒரு பள்ளிக்கூடப் பெட்டை சிரித்தாள். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

ஆட்டம் முழுக்க அப்பா பந்தைப் பார்க்கவில்லை; கரடியையே பார்த்தார்.

"அதுதான் பிள்ளையின்ர முகத்தைப் பாத்திட்டியளே," என்றா அம்மா.

"மூடினாப் பிறகு உள்ள ஆரெண்டு ஆருக்குத் தெரியும்? சப்பாத்தைப் பாத்து வையுங்கோ," என்றார் அப்பா.

கடை வாசலில் மகள் கையை உதறினாள். கரடி எங்களைப் பார்த்துத் தலையாட்டியது. கறுப்புச் சப்பாத்து, இடது நாடா அவிழ்ந்திருந்தது. பார்த்து வைத்துக்கொண்டுதான் அவளை விட்டேன்.