சீமாட்டியின் பந்து

என் அண்ணனுக்கு இந்த அண்ணியைப் பார்த்து முடித்தவள் நான்தான். அதனால் வீட்டில் சோற்றுத் தட்டில் நாய் முடி கிடந்தாலும் யாரிடமும் போய் முறையிட எனக்கு வாயில்லை. போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் நான் குமாஸ்தா. அண்ணி அங்கே நாய் பழக்கும் காவலர். அவள் கையிலிருந்த நாயின் பெயர் சீமாட்டி. மழை பெய்தால் ஈரத்தில் கால் வைக்காது. ஆற வைக்காத சோற்றை ஏறெடுத்தும் பார்க்காது. பிறகு வேறு என்ன பெயர் வைப்பது?

தினமும் சீமாட்டிக்குச் சோறும் இறைச்சியும் வெந்ததும் அண்ணி விரலை விட்டுச் சூடு பார்ப்பாள். "என் பொண்ணுக்குப் பால் ஆத்தும்போதுகூட இவ இவ்வளவு பாத்ததில்ல" என்று அண்ணன் குத்திக்காட்டுவான். "உங்க பொண்ணுக்குச் சுட்டா கத்தத் தெரியும். இது வாயில்லா ஜீவன்" என்பாள் அண்ணி. 

ஒரு காலத்தில் எங்கள் பிரிவில் ஒன்பது நாய்கள் இருந்தன. வயதாகி ஓய்வு பெற்ற நாய்களுக்குப் பதிலாகப் புதிது எதுவும் வரவில்லை. நான்கு மிஞ்சின. வண்டி பழுதாகி மரத்தடியில் நின்றது. கூண்டின் கூரை ஒழுகியது. மாதம் இருமுறை வந்துகொண்டிருந்த மாட்டு டாக்டர் எப்போதாவது எட்டிப் பார்த்தார். நானும் கடிதம் கடிதமாக எழுதினேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல். உண்ணிக்கு மருந்தை அண்ணி தன் கைக்காசில் வாங்கினாள். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. இந்தப் பிரிவு தேவைதானா என்று பார்க்க நிதித்துறை அதிகாரி வருகிறாராம். தேவையில்லை என்று அவர் எழுதிவிட்டால் நாய்கள் திசைக்கு ஒன்றாகப் போகும். பழக்குகிறவர்கள் காவல் நிலைய வேலைக்குப் போக வேண்டும். அன்று அண்ணி சாப்பிடவில்லை.

இங்கே நான் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். வெடிமருந்து வாசனை ஏற்றிய துணியை அடைத்த குட்டி டப்பாக்கள் எங்களிடம் எட்டு இருந்தன. அவற்றை ஒளித்து வைத்து நாய்களைத் தேட விடுவார்கள். பயிற்சி முடிந்ததும் எண்ணி வாங்கிப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. வெடிக்காத சாமான்தான். ஆனாலும் ஒன்று குறைந்தால் விசாரணை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அண்ணி மாடி ஹாலில் டப்பாக்களை ஒளித்து வைத்திருந்தபோது, மகள் பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது. அண்ணி போட்டது போட்டபடி ஓடினாள். மற்றவர்கள் தேடி எடுத்ததில் பெட்டிக்கு ஏழுதான் திரும்பின, அது எனக்குத் தெரியாது. எல்லாம் உள்ளே இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, எண்ணாமலே எட்டு என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி வந்தபோது ஹாலில் இருந்த மெத்தை நாற்காலிகள் இல்லை. தலைமை அலுவலகத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் இடுக்கில்தான் எட்டாவது டப்பாவைச் செருகியிருந்தாள். அங்கே போய்த் தேட வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நான் எழுதியது பொய் என்று ஆகும். என் வேலை போய்விடும் என்று அண்ணி வாயையே திறக்கவில்லை. இரண்டு வருஷம் அந்த முள்ளை அவள் தனியாகச் சுமந்தாள். அதன்பின் டப்பாக்களை அவளே எண்ணி எட்டு என்பாள்; நான் அப்படியே எழுதிக்கொண்டு, அந்த நாளையே மறந்துபோனேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அதிகாரி வந்த நாளில் ஹாலைக் கூட்டிப் பெருக்கி, ஐந்து பைகளை வரிசையாக வைத்து, மூன்றாவதில் ஒரு டப்பாவை ஒளித்திருந்தோம். அவர் உட்காருவதற்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெத்தை நாற்காலியை இறக்கி, கதவோரம் போட்டிருந்தார்கள். அண்ணி சீமாட்டியோடு உள்ளே வந்து "தேடு" என்றாள். சீமாட்டி இரண்டு அடி வைத்தது. பைகள் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரியின் நாற்காலியை மோந்து பார்த்து, அவர் காலடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

வெடிமருந்தைக் கண்டுபிடித்தால் குரைக்கக் கூடாது, பிறாண்டக் கூடாது, சும்மா உட்கார வேண்டும். இதுதான் பழக்கம். அதிகாரிக்கு அதுவும் தெரிந்திருந்தது. "ஏம்மா, நான் குண்டு வச்சிருக்கேங்குதா உங்க நாய்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு நாளா அதுக்கு உடம்பு சரியில்ல சார். வேற நாயக் கொண்டு வரச் சொல்றேன்" என்றார். அண்ணி தலையை ஆட்டியிருந்தால் போதும். பழி சீமாட்டியோடு போயிருக்கும்.

அண்ணி நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து பந்தை எடுத்துச் சீமாட்டியிடம் கொடுத்தாள்.

சரியாகக் கண்டுபிடித்தால்தான் பந்து. தப்பாக உட்கார்ந்த நாய்க்குப் பந்து கொடுத்தால் அந்த நாய் கெட்டது. சரியாக உட்கார்ந்ததற்குக் கொடுக்காவிட்டாலும் கெட்டது. இது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஹாலில் இருந்த எல்லோரும் அந்தப் பந்தையே பார்த்தார்கள்.

"நாய்க்கு ஒண்ணுமில்ல சார். கொஞ்சம் எந்திரிங்க" என்றாள் அண்ணி. மெத்தைக்குப் பின்னால் கிழிந்திருந்த துணிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, தூசி படிந்த டப்பாவை வெளியே எடுத்தாள். "ரெண்டு வருஷமாக் காணாமப் போனது. ஒளிச்சு வச்சதும் நான், எடுக்காம விட்டதும் நான்."

வீட்டில் அவள் என்னைக் கூப்பிடுவதே வாயாடி என்றுதான். அந்த வாய்க்கு அன்று என்ன கேடு வந்ததோ, நாக்கு ஒட்டிக்கொண்டது. பதிவேடு என் மடியிலேயே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அதிகாரி கெட்டவரில்லை. இரண்டு வருஷத்து வாசனையைப் பிடித்த மூக்கு இருக்கும் பிரிவைக் கலைக்கக் கூடாது என்று எழுதினார். கூரைக்கும் வண்டிக்கும் வழி பிறந்தது. இரண்டு குட்டிகள் வாங்கவும் அனுமதி வந்தது. அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. டப்பாவைத் தொலைத்து மறைத்ததற்காக அண்ணிக்குக் காவல் நிலையப் பணி. சீமாட்டியை வேறொருவர் பழக்குவார்.

அண்ணி அதைப் படித்துவிட்டு, "பரவால்ல விடு. அதுக்குச் சோறு ஆற வைக்கணும்னு வர்றவங்ககிட்ட சொல்லிடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உட்கார்ந்து எழுதினேன். எண்ணாமல் எட்டு என்று எழுதிய கை என்னுடையது, மறைத்தது என்னைக் காப்பாற்ற, என்று எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கடிதங்களுக்கு வருஷக்கணக்கில் பதில் வராது. இதற்கு நாலாம் நாளே வந்தது. அண்ணிக்கு எச்சரிக்கை மட்டும். அவள் நாயோடேயே இருக்கலாம். எனக்கு இரண்டு வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றம்.

கடைசி நாள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். அண்ணி சீமாட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னைக் கேக்காம எதுக்குடி எழுதுன?"

"நீங்க மட்டும் என்னைக் கேட்டா மறைச்சீங்க?"

அவள் சீமாட்டியின் வாயிலிருந்த பந்தை வாங்கி, எச்சில் சொட்டச் சொட்ட என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினாள். இந்தப் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தும் நாயின் பந்து எதையும் நான் தொட்டதே இல்லை, கண்டாலே குமட்டும். அன்று வீடு போய்ச் சேரும்வரை நான் கை கழுவவில்லை.