அக்காவின் பறிக்கயிறு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு ஏரியில் இறங்கியவன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காதான் எழுதச் சொன்னாள்.

அவளுடைய பறிக்கயிறு என் முன்னால் கிடக்கிறது. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் எங்கள் பெண்கள், பிடித்ததைப் போட ஓலைப் பறியை இடுப்பில் கட்டுவார்கள். அந்தக் கயிறு இது. இரண்டு இடத்தில் ஒட்டு இருக்கிறது. இரண்டும் நான் போட்டவை.

அக்காவின் புருஷன் உருகி உருகிச் செத்தபோது நோயின் பெயர் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கும் எச்.ஐ.வி. இருப்பது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரை அவளைக் காப்பாற்றியது. பிறகு வருடா வருடம் உடம்பு பெருத்தது, கயிறு எட்டவில்லை, ஒட்டுப் போட்டு நீட்டினேன். "நீ தோணில ஏறாதடி, நாங்க முழுகிடுவோம்" என்று பெண்கள் கேலி செய்தால் அவள்தான் முதலில் சிரிப்பாள். என்னிடம் சொல்வாள்: "சிரிக்கட்டும்டா. குண்டா கீறவளுக்கு அந்த நோவுனு எவ நெனைப்பா?"

முட்டி போனது, சர்க்கரை வந்தது, படுத்தால் மூச்சு அடைத்தது. சென்னையில் டாக்டர் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றார். கிருமி அடங்கியிருக்கிறது, மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்றார். அக்கா பயந்தது கத்திக்கு அல்ல. மீஞ்சூரில் ரயிலை விட்டு இறங்கும்போதுதான் வாய் திறந்தாள்: "எளச்சா ஊரு கண்டுபுடிச்சிடும்டா."

"நான் பாத்துக்கறேன்கா" என்றேன்.

வயிற்றில் ஆபரேஷன் என்றால் துருவுவார்கள் என்று பயந்து, முட்டி வைத்தியம் என்று ஊரில் பொய் சொல்லிவிட்டுப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தோம். அந்தப் பொய்தான் தப்பு. அவள் இளைத்ததற்குக் காரணம் சொல்ல வழியில்லாமல் போனது.

பெண்கள் தோளோடு தோளாக வரிசையில் தடவுவார்கள். இடைவெளி விட்டால் இறால் தப்பிவிடும். அக்கா மறுபடி ஏரியில் இறங்கிய அன்று அவளுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விழுந்தது. பக்கத்து வீட்டு அண்ணி கரையில் நின்ற என்னைக் கேட்டாள்: "இன்னாப்பா, ஒங்கக்கா புருசன் மாரியே வத்திப் போறா? நெஜத்த சொல்லு."

தலையைக் குனிந்தேன். ஊருக்கு அதுவே பதிலாகிவிட்டது.

அக்கா சேற்றிலிருந்து நிமிர்ந்தாள். "அவன இன்னாத்துக்குக் கேக்கறீங்க? கீது, எனக்கும் கீது. இத்தினி வருசம் ஒங்க கூட தடவுன கைதானே இது? எவளுக்கு இன்னா ஆச்சு?"

இடைவெளி மூடவில்லை.

இப்போது மூச்சு வாங்காமல் நடக்கிறாள். வரிசையின் கடைசியில் தனியாகத் தடவுகிறாள். பாதி இறால் தப்பிப் போகிறது. காலையில் கயிற்றை என்னிடம் போட்டு, "ஒட்டு ரெண்டையும் அறுத்துடு, கால்ல தடுக்குது" என்றாள்.

இதை முடித்ததும் அறுப்பேன். நாளை ஒரு பறியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நானும் இறங்குவேன். பொம்பளை வரிசையில் ஆம்பளை என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஐப்பசி, மூன்றாம் ஞாயிறு.