நொய்யல் கரையில் மூன்று குழிகள்

அன்று அந்த விவசாயக் காட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: தொல்லியல் ஆய்வாளர் மாலதி மேடம், அளவெடுக்கும் குமரேசன், காட்டுக்குச் சொந்தக்காரர் சரசக்கா, பொக்லைன் ஓட்டிய நான்.

அவிநாசியில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். திருப்பூர், ஊத்துக்குளி வழியாக முப்பத்தெட்டு கிலோமீட்டர். பொக்லைன் முப்பது வேகத்தைத் தாண்டாது. ஊத்துக்குளியில் டீ பதினைந்து ரூபாய். எட்டாவதோடு நின்றவன் நான். பழைய காலத்துப் பானை எதையாவது என் வண்டியின் மண் வாரும் பக்கெட் உடைத்துவிட்டால் ஜெயிலா என்று யாரிடம் கேட்பது?

ஏழு மணிக்குச் சேர்ந்தேன். வெள்ளம் தடுக்க ஆற்றோரம் மண்கரை போடப்போகிறார்கள். அதற்கு முன்னால், அடியில் பழைய ஊர் ஏதும் புதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காடு முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் கிடந்தன. நாற்பதடி தள்ளி சரசக்காவின் வீடு. போன வெள்ளத்தின் கறை சுவரில் ஜன்னல் உயரத்துக்கு இருக்கிறது. ஐப்பசி மழைக்குள் அவருக்குக் கரை வந்தாக வேண்டும்.

பல்லில்லாத பக்கெட்டால் ஒரு தடவைக்கு நாலு விரல் மண்தான் எடுக்கச் சொன்னார் மேடம்.

"ஏனுங் தம்பி, மண்ணு தோண்டறீங்களா, தலை சீவி உடறீங்களா?" என்றார் சரசக்கா.

"உடைஞ்சா என்னையத்தானுங்க்கா புடிப்பாங்க."

பதினொன்றரைக்குள் மூன்று குழி. மேல் ஓரடியில் மட்டும் ஓடுகள். கீழே வெறும் ஆற்று மணல். மேடம் குழம்பிப்போய் எட்டிப் பார்த்தார்.

"அது இந்தக் காட்டு ஓடே இல்லீங்க அம்மணி," என்று அக்கா சிரித்தார். "மூணு மைல் தள்ளி இருக்கற கொளத்து வண்டலுங்க. வெள்ளாமைக்கு நாங்கதான் டிராக்டர்ல கொண்டாந்து கொட்டிப்போட்டோம். இங்க ஒண்ணுமில்லைன்னு எழுதிப்போடுங்க. நாளைக்கே கரை போடட்டும்."

மேடம் எழுதிக்கொண்டார். பிறகு, "கரைக்கு எங்கேருந்துங்க்கா மண் எடுக்கறாங்க?" என்றார்.

"அதே கொளத்துலதா…" என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

பழைய ஊர் இருந்தால் அது குளத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்து முடிக்கும்வரை அங்கே மண் எடுக்க முடியாது. ஐப்பசிக்குள் ஆகுமா என்று அக்கா கேட்டார்.

"ஆகாதுங்க்கா," என்றார் மேடம்.

குழிகளை மூடிவிட்டு இரண்டு மணிக்கு வண்டி எடுத்தேன். அக்கா அருகே வந்தார்.

"நா வாயத் தொறக்காம இருந்திருக்கோணும், இல்லீங்க தம்பி?"

"தெரியலீங்க்கா" என்றேன்.

அவிநாசியில் எங்கள் தெருவில் மழை பெய்தால் சாக்கடை நிரம்பும், அவ்வளவுதான். இப்போது தினமும் எழுந்ததும் போனில் வெள்ளியங்கிரி மலைப் பக்கம் மழையா என்று பார்க்கிறேன். அங்கே பெய்வதுதான் நொய்யலில் இறங்கி அக்கா வீட்டுக்கு வரும். நேற்றுவரை பெய்யவில்லை.