கேஜில் ஏறாத கால்

காற்று அடித்தால், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிவைத்த சயனைடு மேட்டு மணல் பறந்து வந்து வகுப்புக்குள் விழும். வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பல்லில் நறநறக்கும். அந்த மணலைத் துப்பிக்கொண்டேதான் ஊரிகத்து நடுநிலைப் பள்ளியில் நான் சரித்திரம் படித்தேன். ஏழாவதைத் தாண்டாதவன் நான். ஆனால் இன்று பங்காருப்பேட்டைச் சாலையில் என் பெயர் எழுதிய லாரி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடாதவன் கிடையாது.

எங்களுக்குச் சரித்திரமும் பூகோளமும் எடுத்தவர் ரோஸ்லின் டீச்சர். நூற்றாண்டுக் கணக்கு எங்கள் மண்டையில் ஏறவில்லை என்று கண்டவர், கரும்பலகையில் நெட்டுக்குத்தாக, சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான 'ஷாஃப்ட்' ஒன்றை வரைந்து, மேல் 'லெவலில்' வெள்ளைக்காரன், அதற்குக் கீழே திப்பு, இன்னும் கீழே சோழர், அடி ஆழத்தில் ஹரப்பா என்று எங்களை இறக்கிக் காட்டினார். சுரங்கத்துப் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? பரீட்சையில் ஒருவன், ராஜராஜன் ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான 'கேஜில்' மேலே ஏறினான் என்றே எழுதிவைத்தான்.

ஒரு நாள் அந்தப் படத்துக்கு மேலே, தரைமட்டத்தில், சின்னதாக ஒரு வீட்டை வரைந்தார். "இதான் உங்க லெவல். கீழ இன்னா நடக்குதுன்னு அப்பாவக் கேட்டு எழுதிகினு வாங்க" என்றார்.

எங்கள் லைன் வீடுகளில் அதை யாரும் கேட்பதில்லை. 'கீழ பாத்தத மேல பேசாத, பேசினா கால் கேஜுல ஏறாது' என்பது பெரியவர்கள் சொல். எனக்கோ வகுப்பில் முதல் ஆளாக எழுந்து வாசித்தாக வேண்டும். அப்பாவை நாங்கள் 'நைனா' என்போம். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "கீழ போனா பழசு இல்லடா, சூடுதான். அப்படியே எழுதிக்க" என்று சிரித்தார். நான் விடவில்லை. "மத்த பசங்க அப்பால்லாம் சொல்லிட்டாங்களாம். உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதாம்" என்று சீண்டினேன்.

அவர் கை தட்டிலேயே நின்றது. செத்துப்போன என் தாய்மாமனைப் பற்றிச் சொன்னார். பாறை வெடித்துச் சரிந்தபோது மாமா அந்தப் பக்கம், நைனா இந்தப் பக்கம். "கூப்டுகினே கீறான். நானும் பதில் சொல்லிகினே கீறேன். அப்புறம் பாத்தா, நான் மட்டும்தான் பேசிகினு கீறேன்."

அடுப்பருகே இருந்த அம்மா திரும்பினாள். "ஒடனே போயிட்டான்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?"

நைனா பாதிச் சோற்றோடு கையைக் கழுவினார்.

மறுநாள் ஷிப்டுக்குப் போனவர், கேஜ் கதவைத் திறந்ததும் ஏற முடியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. பிறகு போகவே இல்லை. வேலை போயிற்று; நான் பள்ளியை விட்டு லாரி கிளீனர் ஆனேன். செய்தி கேட்டு ஓடிவந்த டீச்சர் வாசலிலேயே நின்று அழுதபோது, நைனாதான் அவரைத் தேற்றினார். "நீங்க கேட்டதுல இன்னா தப்பு டீச்சர்? பையனும் படிப்புக்குத்தானே கேட்டான்." கடைசிவரை என்னை அவர் ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. திட்டியிருந்தால் இந்த வயதில் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன மாதம் இங்கே ஒரு பள்ளி விழாவுக்கு என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். சரித்திரம் இப்போது திரையில் படமாக ஓடுகிறது. தமிழ் வகுப்பு இல்லை. சுரங்கத்தை மூடியபின் ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. கீழே போய்வந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளின் அப்பன்மார் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு திரும்புகிறார்கள். நான் கேஜ் என்றதும், கோழிக் கூண்டா என்று ஒரு பெண் கேட்டாள்.

லாரி வாங்கிய கதையெல்லாம் பெருமையாகச் சொல்லி முடித்தேன். சோஷியல் எடுக்கும் இளம் டீச்சர் எழுந்து, "படிப்ப ஏன் சார் நிறுத்தினீங்க?" என்றார்.

"வறுமைதாம்மா" என்றேன். பலமாகக் கைதட்டினார்கள்.