எலும்பு மாமா

என் அக்கா மகளுக்குக் காது குத்தியபோது அவள் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தி முடிக்கும்வரை வாயில் மிட்டாயோடு பேசாமல் இருந்தவள், திடீரென்று ஓவென்று அழ ஆரம்பித்தாள். காது வலிக்கிறதாக்கும் என்று ஆளாளுக்கு ஊதிவிட்டார்கள். அவளோ என் தொடையைத் தட்டிக் காட்டி, "மாமா மடி உறுத்துது" என்றாள். கோயில் மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு நான் எலும்பு மாமா.

பிறந்ததிலிருந்தே நான் ஒல்லி. எதைத் தின்றாலும் ஒட்டாத உடம்பு. டாக்டரிடம் போய் ரத்தம், தைராய்டு என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை, உங்கள் உடம்பு வாகு அப்படி என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பு கோழிப்பண்ணை. பல்லடத்துக்குப் பக்கத்தில் தோட்டத்திலேயே இரண்டு கோழிக் கொட்டகை, நாங்கள் செட் என்போம். கம்பெனி இறக்கிவிடும் குஞ்சு உள்ளங்கையில் அடங்கும். நாற்பது நாள் போனால் ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் நிற்கும், கம்பெனியே வந்து பிடித்துக்கொண்டு போகும். அதை வளர்த்துவிடுகிற நான் மட்டும் குச்சியாகவே இருந்தேன்.

குண்டாக இருப்பவரிடம் ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க நம் ஆட்களுக்கு நாக்கு எழாது. ஒல்லியாக இருப்பவனிடம் யாரும் எதையும் கேட்கலாம். காற்றடிக்கிறது, கம்பத்தைப் பிடித்துக்கொள் என்பார்கள். அதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். கல்யாண வீடுகளில் என் மனைவியைப் பார்த்து, "ஏனம்மணி, ஊட்டுக்காரருக்குச் சோறே போடறதில்லையா?" என்று கேட்பார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்காது. அவள் சிரித்துச் சமாளிப்பாள். வீடு திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த மௌனத்துக்கு நான்தான் காரணம் என்று தெரிந்தும், அப்படிக் கேட்டவர்களை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவேன்.

போன சித்திரையில் அக்கா போன் செய்தாள். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்த நேரம்.

"கண்ணு, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டயே?"

இப்படி ஆரம்பிக்கிற எதுவும் எனக்குக் கோபம் வராமல் முடிந்ததில்லை.

"சொல்லுங்க்கா."

"பட்டம் நீயே கட்டு. தூக்கறத மட்டும் கருமத்தம்பட்டி அண்ணன் பாத்துக்கட்டும். பாப்பாவும் இப்ப நல்லா ஒடம்பு வெச்சுட்டா. நாலு பேரு முன்னால ஏதாச்சும் ஆயிருச்சுன்னா உனக்குத்தான் சங்கடம்."

எங்கள் வகையறாவில், முகூர்த்தத்துக்கு முன்பு தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி, அவளைக் கையில் ஏந்திக்கொண்டு போய் மணவறையில் உட்கார வைக்க வேண்டும். இப்போது பல வீடுகளில் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதோடு சரி. அக்கா வீட்டில் மட்டும் தூக்கித்தான் ஆகவேண்டும் என்பார்கள். கருமத்தம்பட்டி அண்ணன் என்பது எங்கள் பெரியப்பா மகன். தறி ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியும் சட்டைக் கைக்குள் புஜம் அடங்காது. நல்ல மனுஷன் வேறு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"பாப்பா என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"அவ கெடக்கறா. எலும்பு மாமா தூக்கறதுன்னாத் தூக்கட்டும், இல்லாட்டி நான் நடந்தே போய்க்கறேன், வேற ஆரும் என்னையத் தூக்க வேண்டாம்ங்கறா. கல்யாணப் பொண்ணு நடந்து போனா எங்க மாமியார் ஊட்டுல சும்மா இருப்பாங்களா?"

அக்கா மகள் ஏழெட்டு வயதுவரை என் தோளைவிட்டு இறங்காத பிள்ளை. கோவையில் வேலைக்குப் போன பிறகும், வாரக் கடைசியில் வந்தால் அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் என் செட்டுக்கு வந்து குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள். கல்லூரியில் கைப்பந்து ஆடியவள், என்னைவிட அரையடி உயரம். அவளை நான்தான் தூக்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

உடம்பு ஏற்றுவது எப்படி என்று யாரிடம் போய்க் கேட்பது? இருபது வருஷமாகக் கோழி வளர்க்கிறவனுக்குத் தெரியாததா? நல்ல தீனி, நிழல், காற்று, அலைச்சல் கூடாது. அலைகிற கோழிக்கு எடை ஏறாது. செட்டு வேலையை அங்கேயே தங்கியிருக்கும் தம்பதியிடம் விட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில், ஃபேனுக்கு அடியில் படுத்துவிட்டேன். காலையில் நெய் மிதக்க அரிசியும்பருப்புச் சாதம், பதினோரு மணிக்கு வாழைப்பழமும் வெல்லம் போட்ட கச்சாயப் பணியாரமும், மத்தியானம் மறுபடியும் நெய். கொள்ளுப் பருப்பு உடம்பை இளைக்க வைக்கும் என்று அதைச் சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கொள்ளு ரசம் என்றால் உயிரை விடும் என் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துத் தீவன மூட்டை எடை போடும் தராசில் ஏறி நின்றேன். எடை ஏறியிருந்தது! கம்பெனியிலிருந்து கோழி எடை பார்க்க வந்திருந்த பையனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் என்னைச் சுற்றி ஒரு தரம் வந்தான்.

"வயிறு மட்டும் வந்துருக்குதுங்ணா. இந்த மாதிரி வளந்தா நாங்க புடிக்க மாட்டம்ங்ணா."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் இருந்த தீவன மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். முழங்கால்வரை வந்தது. அதற்குமேல் மூட்டையும் வரவில்லை, நானும் நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"ஏனுங்க, கோழிய எதுக்கு வளக்கறம்? கறிக்கு. கறிக்கடைக்குப் போற கோழி ஆரையாச்சும் தூக்கப் போகுதா? நீங்க பாப்பாவத் தூக்கோணுமில்ல? அப்பத் தூக்கித்தானுங்க பழகோணும். படுத்துட்டே தின்னா வயிறுதான் வரும்."

"இத மொத நாளே சொல்றதுக்கென்ன?"

"சொன்னாக் கேக்கற ஆளா நீங்க?"

இடுப்பு சரியானதும் பல்லடத்தில் ஒரு ஜிம்முக்குப் போனேன். வாசலில் இருந்த பையன் என்னைப் பார்த்துவிட்டு, "பையனச் சேக்கறதுக்குங்களா அங்கிள்?" என்று கேட்டான். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு என் மனைவிதான் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். தீவனத்தை ஒரு காலிச் சாக்கில் கால்வாசி கொட்டிக் கட்டிக் கொடுத்தாள். தோளில் போடக்கூடாது, பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி, செட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க வேண்டும். அது சுலபமாகிவிட்டது என்று நான் துள்ளினால், மறுநாள் இரண்டு படி தீவனம் கூடச் சேர்ந்திருக்கும். முதல் வாரம் தலை சீவக் கை எழவில்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, தினமும் தூக்காதீர்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்குங்கள், சதை வளர்வது ஓய்வில்தான் என்றார். ஓய்வு நாளில் கையும் காலும் துறுதுறுவென்று இருக்க, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

சாப்பாட்டையும் மாற்றினாள். குஞ்சு இறங்கிய நாட்களில் நான் காலைச் சாப்பாட்டையே மறந்துவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். செட் வாசலில் ஆணி அடித்து ஒரு தூக்குச்சட்டியை மாட்டினாள். அதில் அவித்த முட்டை, வேர்க்கடலை, கருப்பட்டி, சில நாள் எள்ளுருண்டை. குஞ்சுகளுக்குத் தீனி வைக்கப் போகும்போதெல்லாம் நானும் அதில் கை விட வேண்டும். நெய் குறைந்தது, பருப்பும் முட்டையும் பாலும் கூடின. பண்ணைக்காரன் நான் கோழிக்கறி பக்கம் போவதில்லை. நாள் முழுக்க அந்த வாசத்தில் நிற்பவனுக்குத் தட்டிலும் அதுவே வந்தால் இறங்காது. அதனால் கருவாடும் ஆட்டுக்கறியும் வந்தன. கொள்ளு ரசமும் திரும்பி வந்தது. அன்றைக்கு அவள் இரண்டு டம்ளர் குடித்தாள்.

ஆடி பிறந்தபோது சாக்கு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. வயிறு வற்றி, முன்னங்கையில் ஒரு நரம்பு ஓட ஆரம்பித்திருந்தது. அதை வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினேன். ஆனாலும் மனதுக்குள் பயம். சாக்கு அசையாது, பெண் அசைவாள். பட்டுச்சேலை வழுக்கும். இதைச் சொன்னபோது மனைவி செட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"அப்ப என்னையத் தூக்கிப் பாருங்க."

"உன்னையா?"

"ஏன், நான் ஆகாதா? கண்ணாலமாகி இத்தன வருசத்துல இப்பக் கூடத் தோணலீன்னா எப்பத்தானுங்க தோணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் முகம் சிவந்திருந்தது. குனிந்து தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். செட் வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை தென்னை வரிசைக்கு நடுவே நடந்தேன். பாதி வழியில் தீவன லாரி உள்ளே திரும்பியது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தான். "எறக்கி உடுங்க, மானம் போவுது" என்று அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் இறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த பிரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லித்தான் வைக்கிறேனே. எத்தனையோ வீட்டு விசேஷங்களில் என்னால் தலைகுனிந்து நின்றவள், அன்று என் கையில் இருந்தாள்.

கல்யாணம் அவினாசி ரோட்டில் ஒரு பெரிய மண்டபத்தில். பட்டுப் புடவையும் நகையுமாக அக்கா மகள் வந்து நின்றபோது, சாக்கில் இதையெல்லாம் கணக்குச் சேர்க்கவில்லையே என்று எனக்கு வியர்த்தது. பட்டத்தைக் கட்டி முடித்தேன். "மாமா, முடியலீன்னா நடந்துக்கறனுங்க" என்று மெல்லச் சொன்னாள். "பேசாம இரு கண்ணு" என்றேன்.

முழங்காலை மடக்கி, ஒரு கையை முதுகிலும் ஒரு கையை முட்டிக்குக் கீழும் கொடுத்து நிமிர்ந்தேன். வந்துவிட்டாள்! பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். மணவறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டேன், வீடியோக்காரத் தம்பி குறுக்கே வந்து நின்றான்.

"அண்ணா, அப்படியே நில்லுங்ணா. பொண்ணு மொகம் வருல. கொஞ்சம் திரும்புங்க. சிரிங்க."

நடந்து பழகியிருந்தேனே தவிர, நின்று பழகவில்லை. நின்ற மாத்திரத்தில் கை இரண்டும் வெடவெடக்க ஆரம்பித்தன. முன் வரிசையிலிருந்த கருமத்தம்பட்டி அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு தம்பி, நான் வாங்கிக்கறேன்."

அவர் குரலில் கேலி இல்லை. அந்தப் பக்கம் பார்த்தால் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள், என் மனைவி வாயில் முந்தானையை வைத்தபடி என்னையே பார்க்கிறாள். எனக்கு விரல்கள் நழுவிக்கொண்டிருந்தன. அப்போது என் கழுத்தைச் சுற்றியிருந்த கை இறுகியது. அக்கா மகள் கன்னத்தை என் தோள்பட்டை எலும்பில் அழுத்திக்கொண்டாள்.

"இன்னமும் உறுத்துதுங் மாமா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"எறக்கி உட்ரட்டா சாமி?"

"வேண்டாங். நடங்க."

"தம்பி, நகுருடா!" என்று வீடியோக்காரனைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே ஒரு கணம் நிறுத்திவிட்டார். அண்ணன் கையை மடக்கிக்கொண்டு வழிவிட்டார். நான் நடந்தேன். மணவறையில் முழங்காலிட்டு அவளை மெதுவாக இறக்கி உட்கார வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் வலது கன்னத்தில் என் எலும்பு பதிந்த இடம் சிவப்பாக இருந்தது. அலங்காரம் செய்த பெண் பவுடரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இருக்கட்டுங்க்கா, விடுங்க" என்று அக்கா மகள் அவள் கையைத் தடுத்துவிட்டாள். தாலி கட்டும்போது எடுத்த படத்தில் அந்தச் சிவப்பு நன்றாகவே தெரிகிறது.